கார் சீட்டை வீட்டிலேயே கழற்றி மாட்டினவங்க உண்டா? உங்க கதையைச் சொல்லுங்க

போரூர்க்காரன்
2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கார் சீட் மட்டத்துக்குத் தண்ணி ஏறின கூட்டத்துல நானும் ஒருத்தன். கார்பெட்டுக்கு அடியில இருக்கிற ஃபெல்ட் காயவே மாட்டேங்குது, நாத்தம் குடலைப் பிடுங்குது. சர்வீஸ் சென்டர்ல அப்போ வரிசை எப்படி நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும். பார்க்கிங்லயே முன் சீட் ரெண்டையும் இறக்கிட்டேன். நாலு போல்ட்தானே. சீட்டை முன்னாடி தள்ளினா பின்னாடி ரெண்டு, பின்னாடி தள்ளினா முன்னாடி ரெண்டு. மொட்டை மாடியில காய வச்சு திரும்ப மாட்டினேன்.

ஒரு வாரம் கழிச்சு அப்பாவைப் பக்கத்துல உட்கார வச்சுட்டுப் போறேன். வளசரவாக்கத்துல ஒரு ஆட்டோ குறுக்க வர, பிரேக்கை அழுத்தினேன். 'கடக்'. சீட் அப்பாவோட சேர்ந்து முன்னாடி ஓடிடுச்சு. முழங்கால் டேஷ்போர்டுல இடிக்க, அவர் கையை கிளவ் பாக்ஸ் மேல ஊன்றினார். மோதிரம் பிளாஸ்டிக்ல பட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. "என்னடா, சீட்டு ஓடுது?"ன்னு மட்டும்தான் கேட்டார்.

சீட் முன்னும் பின்னும் ஓடுறதுக்கு அடியில ரெண்டு ரெயில் இருக்கும். வெளியே கிடந்தப்ப அதுல ஒண்ணு மட்டும் நகர்ந்திருக்கு. ரெண்டும் ஒரே பல்லுல இல்லாமலே போல்ட் போட்டிருக்கேன். லாக் ஒரு பக்கம் நுனியில தொத்திட்டு நின்னிருக்கு, இன்னொரு பக்கம் விழவே இல்லை.

சேலம்_ஸ்பேனர்
அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும். நம்ம கதை மஞ்சள் கனெக்டர். சீட்டுக்கு அடியில மஞ்சளா இருந்தா ஏர்பேக் சமாச்சாரம்னு எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிஷம் விட்டுத்தான் உருவினேன். சீட் வாசல்ல கிடக்குது, மழை தூற ஆரம்பிச்சுது, கார் கண்ணாடி நாலும் இறங்கியிருக்கு. அவசரத்துல பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பி, கண்ணாடியை ஏத்தினேன். அவ்வளவுதான் செஞ்சேன். மீட்டர்ல ஏர்பேக் விளக்கு பிடிச்சுக்கிச்சு. சீட்டைப் போட்டு கனெக்டரைச் சொருகியும் அணையலை. ஸ்கேனர் இருக்கிற கடைக்குப் போய், கார் கம்ப்யூட்டர்ல பதிஞ்ச எரர் கோட்-ஐ அழிக்க 800 ரூபா. காசு கூடப் பரவாயில்லை, அந்தப் பையன் "கண்ணாடி ஏத்தவா சார்?"னு சிரிச்ச சிரிப்பு இருக்கே.

பொள்ளாச்சி ஆம்னி
சீட் கழற்றினதை எல்லாம் ஒரு சாதனையாச் சொல்றீங்க. ஆம்னி வச்சிருந்தவனுக்கு சீட்டைத் தூக்குறதும் பானெட்டைத் திறக்கிறதும் ஒண்ணுதானுங்க, இஞ்சினே அதுக்கு அடியிலதான். ஆழியார் பக்கம் வண்டி கொதிச்சு நின்னப்ப அத்தையை இறங்கச் சொல்லி சீட்டைத் தூக்கினேன். அனல் மூஞ்சில அடிச்சுது. அத்தை எட்டிப் பார்த்துட்டு, "ஏனுங் மாப்ளே, இத்தன நேரம் அடுப்பு மேலயா உக்காந்துட்டு வந்தேன்?" அதுக்கப்புறம் அந்த வண்டியில ஏறவே இல்லைங்க.

நாலடி_பத்து
என் உயரம் பேர்லயே இருக்கு. என் காரில் சீட்டை உயர்த்துற லீவர் கிடையாது. தலையணை போட்டால் வழுக்குது. தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன், "கவலைப்படாதம்மா"ன்னு ரெயிலுக்கு அடியில் கனமான வாஷர்களை அடுக்கி, அதே பழைய போல்ட்டைப் போட்டுக் கொடுத்தார். பானெட் தெரிஞ்சுது, சந்தோஷமா ஓட்டினேன். ரெண்டு மாசத்தில் கிறீச் கிறீச். ஒருநாள் போன் டார்ச்சை அடிச்சு அடியில் கையை விட்டேன். பின்பக்கப் போல்ட் என் விரலுக்கே சுத்துச்சு. ஸ்பேனர் இல்லாமல், வெறும் விரலுக்கு. அதுமேல உட்கார்ந்து பைபாஸில் 90-ல் போயிருக்கேன்.

இப்போ இருக்கிறது அதே மாடலின் டாப் வேரியன்ட் சீட், பழைய உதிரிபாகக் கடையில் வாங்கினது. ஓட்டை நாலும் அச்சா பொருந்துச்சு. பெல்ட் சாக்கெட் மட்டும் வேற மாதிரி, அதனால பெல்ட் போட்டாலும் பீப் பீப்தான்.

ரிட்டயர்டு ஃபிட்டர்
அம்பாசிடர் பென்ச் சீட்டை ரெண்டு பேராத் தூக்கி, கல்யாண வீட்டுத் திண்ணையில சோபாவாப் போட்டவன் நான். அது இருக்கட்டும்.

தம்பி போரூர், மாட்டுறதுக்கு முன்னாடி லீவரைத் தூக்கி ரெண்டு ரெயிலையும் கடைசி வரைக்கும் தள்ளிட்டா ரெண்டும் சமமாயிடும். மாட்டினப்புறம் சீட்டைப் பிடிச்சு முன்னும் பின்னும் உலுக்கிப் பாக்கணும். நாலு போல்ட்டையும் முதல்ல கையாலதான் ஏத்தணும். ஒண்ணை முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா மத்தது கோணலா ஏறி மரை போயிடும். வெள்ளத்துல கிடந்த போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே துரு எண்ணெய் விடணும். கதவுப் படியில பழைய போர்வை போடுங்க, ரெயில் முனை பெயிண்டைக் கீறிடும். அம்மா நாலடி பத்து, வாஷர் வச்ச உயரத்துக்குப் போல்ட்டோட பிடிமானம் குறைஞ்சு போகும், அந்த மெக்கானிக்கை என் முன்னாடி நிறுத்தணும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்கு இறுக்கமான கவர் போட்டுத் தைக்காதீங்க, ஏர்பேக் தையலைப் பிரிச்சுட்டுத்தான் வெளியே வரணும். சரக்கு ஏத்தப் பின் சீட்டை நிரந்தரமா எடுக்கிறவங்க ஆர்.சி.யில இருக்கை எண்ணிக்கையைப் பாருங்க, அதுக்கு மாறா வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கு. சேலம் தம்பி, கண்ணாடிக்குப் பாலிதீன் ஷீட் போட்டிருக்கலாம்.

சேலம்_ஸ்பேனர்
ஐயா, மழை வந்தப்ப நீங்க பக்கத்துல இல்லையே.

போரூர்க்காரன்
உலுக்கிப் பாக்கிற வேலையை இப்ப அப்பாவே செய்றார். ஏறி உட்கார்ந்ததும் ரெண்டு தடவை ஆட்டிப் பாத்துட்டுத்தான் பெல்ட் போடுறார். என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.