ஒட்டுறவுக் கெழுவை நம்பித் தவறாக முடிவெழுதிய அனுபவங்கள்

குலசேகரத்திலிருந்து:
முதலாண்டுப் புள்ளியியல் செய்முறைக்காக எங்கள் ஊர் மாத மழையளவையும் அப்பா வெட்டிய ரப்பர் பாலின் அளவையும் எடுத்துப் பியர்சன் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டேன்; இரண்டு அளவுகள் ஒரு நேர்கோட்டை எவ்வளவு ஒட்டிச் சேர்ந்து மாறுகின்றன என்பதை −1 முதல் +1 வரை சொல்லும் எண் அது. எனக்குப் பூச்சியத்தை ஒட்டி வந்தது. "மழைக்கும் பாலுக்கும் தொடர்பில்லை" என்று எழுதி வீட்டில் வாசித்தேன். சிரட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்தி, "மக்களே, பிறகு மழை நாளில் நான் ஏன் வெட்டப் போகாமல் இருக்கிறேன்?" என்று கேட்டார். இலையுதிர்ந்து வெயில் காயும் மாசி, பங்குனியில் பால் குறைவு. அளவாக மழை பெய்யும் மாதங்களில் மிகுதி. தென்மேற்கும் வடகிழக்கும் கொட்டித் தீர்க்கும் மாதங்களில் பட்டை நனைந்து வெட்டே நின்றுபோகும். மாதத்துக்கு ஒன்றாகக் குறிக்கும் புள்ளிகள் குன்றைப் போல ஏறி இறங்கியதால் ஏற்றத்தை இறக்கம் அடித்துவிட்டது. நேர்கோட்டுத் தொடர்பை மட்டும் அளக்கும் கெழு அதைக் காணவில்லை. அந்தத் தாளுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

சின்னமுட்டத்திலிருந்து:
மேலே எழுதியவர் கெழுவின்மீது பழி போடுவதை நான் ஏற்கவில்லை. இரண்டு அளவுகளையும் இரண்டு அச்சுகளில் வைத்துப் புள்ளிகளாகக் குறிக்கும் சிதறல் விளக்கப்படத்தை வரையாததுதான் பிழை. நான் வாரவாரியாக ஐஸ் விற்பனையையும் மீன் வரத்தையும் ஒப்பிட்டபோது கெழு மிக உயர்ந்து வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் அந்த வாரங்களில் இரண்டுமே அடிமட்டத்தில் இருந்தன; அவற்றை நீக்கியதும் கெழு சரிந்தது, ஏனெனில் எவ்வளவு மீன் கிடைக்கும் என்று தெரியாமலே ஐஸைக் கடலுக்குப் போகும் முன்பு ஏற்றிவிடுகிறார்கள். தொடங்குகிறவர்கள் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம்ப் 1973இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுதிகளைக் கையால் வரைந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் கெழு ஏறத்தாழ 0.816. ஒன்று நேர்கோட்டை ஒட்டிச் சிதறியது. ஒன்று தெளிவான வளைவு. ஒன்றில் விலகிய ஒற்றைப் புள்ளி கோட்டைச் சாய்க்கிறது. மற்றொன்றில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக நிற்க, எட்ட நிற்கும் பதினொன்றாவது புள்ளியே கெழு முழுவதையும் உண்டாக்குகிறது. கணக்கை அதன் பிறகு தொடங்கலாம்.

குலசேகரத்திலிருந்து மீண்டும்:
நான் பழித்தது கெழுவை அல்ல, என் முடிவுரையை. படத்தைப் பின்னர் வரைந்து அப்பாவிடம் காட்டினேன். குன்றுக்குக் கீழே தனித்துக் கிடந்த ஒரு புள்ளி எந்த மாதம் என்று கேட்டார், சொன்னேன். "அது நான் காய்ச்சலில் கிடந்த மாதம்" என்றார்.