டர்பன் – ஜோஹன்னஸ்பர்க்: ஜூலை லீவில் பிள்ளைகளோடு காரில்

சாட்ஸ்வொர்த்_அம்மா:
வணக்கம். ஜூலை ஸ்கூல் லீவில் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு கல்யாணம். சின்ன செடான் கார். பிள்ளைகளுக்கு 2, 7 வயது, கூட மாமியார். சின்னவளுக்கு வளைவுப் பாதை என்றாலே வாந்தி. இரவு 2 மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வருவார்கள் என்கிறார் வீட்டுக்காரர். சரிவருமா? காரில் என்னென்ன பார்க்கணும்?

பழைய_கராஜ்:
தங்கச்சி, முதலில் ரேடியேட்டர். டர்பனில் உறைபனி இல்லை என்பதால் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) குறைந்தால் பைப் தண்ணீரை ஊற்றியே பலர் ஓட்டுகிறார்கள். ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை அங்கே குளிர்காலம், ராத்திரியில் வெளியே நிற்கிற காரில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்தால் ரேடியேட்டர் போகும், என்ஜின் பிளாக்கே விரிசல் விடலாம். பழையதை வடித்துவிட்டு, கார் புத்தகத்தில் சொன்ன வகை ஆன்டிஃப்ரீஸும் (உறையாமல் காக்கிற திரவம்) டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றச் சொல்லுங்கள். என்ஜின் ஆறின பிறகுதான் மூடியைத் திறக்கணும். வைப்பர் தண்ணீரும் உறையும், அதற்கான திரவம் தனியாகக் கிடைக்கிறது.

டயர் காற்று: டிரைவர் கதவோரம் ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் நிறைந்தால் எவ்வளவு என்று தனி எண் போட்டிருப்பார்கள், அதைத்தான் வைக்கணும். கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போது அளந்து பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும், பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். ஸ்பேர் வீலையும் பாருங்கள், பெரும்பாலும் காற்றில்லாமல்தான் கிடக்கும்.

அங்கே காலையில் கார் கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றவே கூடாது. கண்ணாடி விரிசல் விடும்.

பாலர்_டீச்சர்:
மூன்று வயதுக்குக் கீழ் கார் சீட் 2015 முதல் சட்டம். பெரியவனுக்கு பூஸ்டர், அதாவது பெல்ட் சரியாகப் பொருந்த உயர்த்தி உட்காரவைக்கிற சீட். ஆனால் உங்கள் காரில் நடு சீட்டுக்கு இடுப்பு பெல்ட் மட்டும்தானா என்று பாருங்கள். அப்படியென்றால் பூஸ்டரை அங்கே வைக்கக் கூடாது, தோள் பெல்ட் இருக்கிற ஓர சீட்டில்தான். மாமியாரை முன்னால் உட்காரவைத்து நீங்கள் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருங்கள்.

குளிர் என்று தடித்த ஜாக்கெட்டோடு கார் சீட்டில் கட்டாதீர்கள். மோதலில் பஞ்சு அமுங்கி, பட்டை தொளதொளவென்றாகும். ஜாக்கெட்டைக் கழற்றி, பட்டையை இறுக்கி, மேலே கம்பளி போர்த்துங்கள்.

டர்பன் – ஜோஹன்னஸ்பர்க் நெடுஞ்சாலையான என்3 அவ்வளவு வளைவான ரோடு இல்லை. டவுன் ஹில், வான் ரீனன் என்ற இரண்டு மலை ஏற்றங்கள்தான் சிரமம். அந்த நேரத்தில் பிள்ளைகளிடம் போன் கொடுக்காதீர்கள், ஹீட்டரைக் குறையுங்கள். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. காய்ந்த ரஸ்க் போதும். 2 வயதுக்கு வாந்தி மருந்து டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். திரும்பி வரும்போது இறக்கத்தில் காது அடைக்கும், குடிக்க ஏதாவது கொடுத்துக்கொண்டே இருங்கள். மாற்றுத்துணியும் பிளாஸ்டிக் பையும் டிக்கியில் இருந்து பயனில்லை, காலடியில் இருக்கட்டும்.

என்3_லாரி:
2 மணி வேண்டாம் அக்கா. விடியும்வரை டிரைவருக்கும் கண் சொக்கும், டவுன் ஹில்லில் மூடுபனி வேறு. 6 மணிக்குக் கிளம்புங்கள். சுமார் 570 கி.மீ. மூய் ரிவர் பக்கம் ஒரு நிறுத்தம், ஹாரிஸ்மித் ஏறக்குறைய பாதி வழி, பிறகு வில்லியர்ஸ். டோல்: மரியன்ஹில், மூய், டுகேலா, வில்கே, டி ஹூக்.

எஸ்ட்கோர்ட்டில் டேங்கை நிரப்பிவிடுங்கள். 2024 செப்டம்பரில், குளிர்காலம் முடிந்த பிறகும், வான் ரீனன் பக்கம் பனி கொட்டி வண்டிகள் ராத்திரி முழுக்க நின்றன. கம்பளி, தண்ணீர், பிஸ்கட் கையில் இருக்கணும். கிளம்பும் முன் என்3 ரோட்டு உதவி எண் 0800 63 4357க்கு அடித்து ரோடு திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். வண்டி நின்றால் எச்சரிக்கை முக்கோணத்தை 45 மீட்டர் பின்னால் வைத்து, எல்லாரும் ரோட்டோரத் தடுப்புக்கு வெளியே நில்லுங்கள்.

சாட்ஸ்வொர்த்_அம்மா:
ரொம்ப நன்றி. 6 மணிக்கே கிளம்புகிறோம். முந்தின நாள் பிரியாணி கட்டிக்கொண்டு போகலாமா?

பாலர்_டீச்சர்:
இரவே ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, ஐஸ் போட்ட கூலர் பாக்ஸில் எடுத்துப்போனால் சரி. ஹாரிஸ்மித்தில் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிடணும். ஹீட்டர் போட்ட காரில் வெதுவெதுப்பாக நாலு மணி நேரம் கிடந்த சோறு பிள்ளைகள் வயிற்றுக்கு ஆகாது. கட்டுச்சோறு என்றால் புளிச்சோறுதான் சுலபம். அல்லது ரொட்டிக்குள் உருளைக்கிழங்குக் கறியை வறட்டலாக வைத்துச் சுருட்டுங்கள். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம்.