பாணுக்கு எத்தனை சொந்தக்காரர்?

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது ஸ்பானிய மொழி படிக்கிறேன். எங்கட பாணுக்கு, அதாவது பிரெட்டுக்கு, அங்கேயும் 'பான்' என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. லத்தீன் 'பானிஸ்' ஸ்பானியத்தில் 'பான்' ஆனது. அதே லத்தீன் சொல்தான் போர்த்துக்கீசர் வாய்வழி எங்களிடம் வந்து பாண் ஆனது. உள்ளீடு வைத்த ஸ்பானியப் பலகாரமான 'எம்பனாடா'வின் பெயருக்குள் இருப்பதும் இதுவே.

ஆங்கிலத்தில்தான் பெரிய குடும்பம். 'கம்பேனியன்' (தோழர்) என்றால் மூலப்பொருளில் கூட இருந்து பாண் சாப்பிடுபவர். அப்படியானால் 'கம்பெனி'யும் பங்காளி! 'பேன்ட்ரி' முதலில் பாண் வைக்கும் அறை. பொரிக்கிற 'பேன்' மட்டும் சொந்தமில்லை, ஒரு கிழமை ஏமாந்து திரிந்தேன்.

இந்த வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வேறு யார்? தமிழ்நாட்டில் யாராவது 'பாண்' என்று சொல்லிக் கேட்டதுண்டா, எந்த ஊரில்? நல்ல சொற்பிறப்பு அகராதி இருந்தாலும் சொல்லுங்கோ.