ஊருக்குப் போகும் பணம்: மாத்திரையா, ஆர்.ஓ. பிளான்ட்டா?

உட்லண்ட்ஸ் முத்து
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் புதுக்கோட்டைப் பக்கம், ஆலங்குடியிலேருந்து உள்ளே போகணும். சிங்கப்பூர்ல இருக்கிற சொந்தபந்தம், ஊர்க்காரங்க எல்லாம் சேர்ந்து 20,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) போல சேர்த்து வச்சிருக்கோம். ஊர்ல ஆர்.ஓ. பிளான்ட் வைக்கணும்னு முக்கால்வாசிப் பேர் நிக்கிறாங்க. எனக்கு மனசு ஒப்பல, பிள்ளைங்களோட குடற்புழு மாத்திரைக்குக் கொடுக்கலாம்ங்கிறேன்.

கென்யாவுல புசியாங்கிற மாவட்டத்துல 1998லேருந்து 75 பள்ளிக்கூடத்துல குடற்புழு மாத்திரை கொடுத்துப் பார்த்தாங்க. பொருளாதார ஆய்வாளர்கள் மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகெலும் 2004ல எழுதின கட்டுரை. பிள்ளைங்க மட்டம் போடுறது கால்வாசி குறைஞ்சிருக்கு. மாத்திரை முழுங்காத பிள்ளைக்கும் புழு குறைஞ்சிருக்கு, ஏன்னா மண்ணுல விழுற முட்டை குறையுதுல்ல. செலவு ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு அமெரிக்க டாலர்கூட இல்ல. 20 வருஷம் கழிச்சு அதே பிள்ளைங்களைத் தேடிப் போய்ப் பார்த்தா, கூடுதலா ரெண்டு மூணு வருஷம் மாத்திரை சாப்பிட்டவங்க மணிக்கு 13 சதவீதம் அதிகமா சம்பாதிக்கிறாங்க. இது 2021ல வந்தது. கிரெமருக்கு 2019லயே அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோவோட சேர்த்து நோபெல் கொடுத்தாச்சு. இவ்வளவு ஆதாரம் இருக்கிற ஒண்ணை விட்டுட்டு மெஷின் வாங்கி நிறுத்துறது சரியா?

கோப்பிக் கடை குமார்
அண்ணே, கென்யாக் கதை நல்லாத்தான் இருக்கு. எங்க அம்மா சிவகங்கைப் பக்கம் தனியா இருக்காங்க. 20 லிட்டர் கேன் 30, 40 ரூபாய். ரெண்டு நாளைக்கு ஒரு கேன்னு வச்சாலும் மாசம் 500 ரூபாய் போல போகுது. நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைக்கு ஏறத்தாழ ரெண்டு நாள் கூலி அது. பஞ்சாயத்துல ஆர்.ஓ. வச்சு குடம் 5 ரூபாய்னு கொடுத்தா அந்தக் காசு வீட்டுல நிக்கும். இதுக்கு எந்த நோபெலும் வேணாம். ஊர்ல கேட்டுப் பாருங்க, பத்துப் பேர்ல ஒன்பது பேர் தண்ணின்னுதான் சொல்வாங்க. பிள்ளைக்குப் பூச்சி மாத்திரை வாங்கி அனுப்புங்கன்னு யாராவது உங்களுக்கு போன் பண்ணாங்களா?

வேலூர் வசந்தி
முத்து தம்பி, நான் ஊரில் ஆய்வகத்தில் மலப் பரிசோதனை பார்த்தவள், இப்போது இங்கே மருத்துவமனையில் வேலை. உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா? இந்தியாவில் 2015லிருந்து தேசிய குடற்புழு நீக்க நாள் என்றே ஒன்று இருக்கிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. ஒரு வயது முதல் 19 வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் அல்பெண்டசோல் இலவசம். 400 மில்லிகிராம், இரண்டு வயதுக்குக் கீழே என்றால் பாதி மாத்திரை. உங்கள் பணத்தில் போவது அதே மாத்திரைதான், ஏற்கெனவே விழுங்கிய பிள்ளைக்கு.

இன்னொன்று. புழு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், அவை வேறு வேறு. உருண்டைப்புழு முட்டை வாய் வழியாகப் போகிறது. நம் பக்கம் அதிகம் கொக்கிப்புழு, அதன் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது ஒரு நாளைக்கு ஒரு சொட்டு அளவுதான், ஆனால் நூறு புழு இருந்தால்? ஏற்கெனவே சோகை பிடித்த பெண்ணுக்கு அது போதும். இந்தப் புழு பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம்தான் அதிகம். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் மாத்திரை வயலுக்குப் போகும் அப்பாவை எட்டாது, அவர் மறுபடி மண்ணில் முட்டையைப் போட்டுவிடுவார். அதனால்தான் வேலூர் சி.எம்.சி. ஆட்கள் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் எல்லா வயதுக்கும் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில் இறங்கினார்கள். பெனின், மலாவி நாடுகளிலும் அதே ஆய்வு நடந்தது.

உட்லண்ட்ஸ் முத்து
அக்கா, அரசாங்கம் கொடுக்குது, சரி. அப்போ நாங்க பெரியவங்களுக்குக் கொடுக்கிறோம். நீங்க சொல்றதே என் கட்சிக்குத்தான் பலம். அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல 1910லேருந்து எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்பெல்லர் பணத்துல கொக்கிப்புழுவை ஒழிக்க இறங்கினாங்க. பிற்பாடு 2007ல பிளீக்லிங்கிற பொருளாதார ஆய்வாளர் கணக்குப் போட்டுப் பார்த்தப்போ, புழு அதிகமா இருந்த ஊர்ப் பிள்ளைங்கதான் படிப்பிலயும் சம்பாத்தியத்திலயும் அதிகமா முன்னேறியிருக்காங்க. கென்யா ஒண்ணு மட்டும் இல்ல பாருங்க.

கணக்கு வாத்தியார்
இந்தக் கென்யா ஆய்வை என் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் எடுத்துக்காட்டாகக் கொடுப்பவன் நான். பாராட்டுவதற்காக அல்ல.

முதலில், 75 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. பட்டியலை அகரவரிசையில் வைத்து மூன்றாமதை மூன்றாமதை எண்ணிப் பிரித்தார்கள். பெரிய குற்றமில்லை, ஆனால் குலுக்கல் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. 2015ல் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளி ஆட்கள் மூலத் தரவை வாங்கித் திரும்பக் கணக்கிட்டார்கள். கணினி நிரலில் பிழை இருந்தது. அருகிலுள்ள பள்ளிகளுக்கும் பலன் பரவியது என்று மூலக் கட்டுரை சொன்னதே, மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் அந்தப் பலன் கணக்கில் தேறவில்லை. தேர்வு மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை என்பதை மூலக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது, அதை மட்டும் எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வோ எடையிலும் ஹீமோகுளோபினிலும் பள்ளி வருகையிலும் சொல்லத்தக்க பலன் இல்லை என்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் சிறு பிள்ளைகளை வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2013ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இறப்பும் குறையவில்லை, எடையும் ஏறவில்லை. 75 பள்ளி எங்கே, பத்து லட்சம் பிள்ளை எங்கே!

அந்த 13 சதவீதமும் பெரும்பாலும் ஆண்களிடமும், மாத்திரை கிடைத்தபோது வயதில் பெரியவர்களாக இருந்தவர்களிடமும்தான். கிவ்வெல் என்ற அமெரிக்கக் கொடை மதிப்பீட்டு நிறுவனம் பல ஆண்டுகள் புழு மாத்திரையைத் தலையில் தூக்கி வைத்திருந்தது. 2022ல் முதல் வரிசைப் பட்டியலிலிருந்து அதுவே எடுத்துவிட்டது.

உட்லண்ட்ஸ் முத்து
சார், பட்டியல்லேருந்து எடுத்தாங்க, பணம் கொடுக்கிறதை நிறுத்தல. அதையும் சேர்த்துச் சொல்லணும்ல? உத்தரப் பிரதேச ஆய்வும் பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைங்களை வச்சு நடந்தது. படிப்பு, வருமானம் எதையும் அதுல அளக்கவே இல்ல. இறப்பைக் குறைக்கும்னு நான் எப்போ சொன்னேன்? ஒரு டாலர் செலவுல வர்ற பலன் நிச்சயமில்லன்னாலும், பத்துல ஒரு வாய்ப்பு இருந்தாக்கூட லாபம்தான். நீங்க கணக்கு வாத்தியார், இதை நான் உங்களுக்குச் சொல்லணுமா?

கணக்கு வாத்தியார்
பத்தில் ஒன்று என்பது எங்கிருந்து வந்தது? அதை முதலில் சொல்லுங்கள். புசியாவில் அப்போது பத்தில் ஒன்பது பிள்ளைக்குமேல் ஏதோ ஒரு புழு இருந்தது. எல் நினோ வெள்ளம் வடிந்த சமயம் வேறு. உங்கள் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது? உலகச் சுகாதார நிறுவனமே 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கச் சொல்கிறது.

துவாஸ் மெம்பிரேன்
ஒரு நிமிஷம். சோறு போடுறதே எனக்கு மெம்பிரேன்தான் (ஆர்.ஓ.வுக்குள்ள தண்ணியிலேருந்து உப்பைப் பிரிக்கிற சவ்வு), இருந்தும் சொல்றேன்: குமார், ஆர்.ஓ. வேண்டாம்.

இங்கே சிங்கப்பூர்ல கழிவுநீரைச் சுத்தம் பண்ணித் திரும்பக் கொடுக்கிற நியூவாட்டர் 2003லேருந்து ஓடுது. முன்னாடி நுண்வடிகட்டி, நடுவுல ஆர்.ஓ., கடைசியில புற ஊதா விளக்கு. ஒவ்வொரு இடத்திலயும் அழுத்தம், உப்பு, பாக்டீரியான்னு ராத்திரி பகலா ஆள் பார்க்கிறாங்க. கிராமத்து பிளான்ட்ல யார் பார்ப்பா? சுண்ணாம்புத் தண்ணியில மெம்பிரேன்ல உப்புப் படியும். படியாம இருக்க மருந்து விடணும், அந்த டப்பா தீர்ந்த அன்னைக்கு யாருக்கும் தெரியாது, தண்ணி வந்துகிட்டுத்தான் இருக்கும். போகப் போக வரத்து குறைஞ்சுகிட்டே வரும். அதுவரைக்கும் பாதித் தண்ணிக்கு மேல கழிவா வெளியே போகும், அது உங்க போர்வெல் தண்ணிதான். பலகையில பேர் இருக்கும், பிளான்ட்டுக்குப் பூட்டு தொங்கும். எத்தனை ஊர்ல பார்த்தாச்சு.

முக்கியமான விஷயம், ஆர்.ஓ.விலேருந்து வர்ற தண்ணியில குளோரின் துளியும் இருக்காது. அழுக்குக் குடத்துல பிடிச்சா சாயங்காலமே கிருமி திரும்ப வந்துரும். பிள்ளைக்குப் பேதி வராம இருக்கணும்னா மேல்நிலைத் தொட்டியில ஒழுங்கா குளோரின் போட்டாப் போதும், கடைசிக் குழாயில லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சணும். நோபெல் வாங்கின அதே கிரெமர்தான் தண்ணி சுத்திகரிப்பு ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, தண்ணியைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தா அஞ்சு வயசுக்குள்ள சாகிற பிள்ளைங்க கால்வாசி குறையும்னு கணக்குச் சொன்னார். முத்து அண்ணே, உங்க ஆளேதான்!

கணக்கு வாத்தியார்
குளோரினுக்கும் அதே கேள்விதான். ஒரே மாதிரி திட்டத்தைப் பங்களாதேஷிலும் கென்யாவிலும் நடத்தி 2018ல் முடிவு சொன்னார்கள். பங்களாதேஷில் மொத்தத்தில் பேதி குறைந்தது, ஆனால் குளோரின் மட்டும் கொடுத்த வீடுகளில் சொல்லத்தக்க அளவு இல்லை. கென்யாவில் எதிலுமே அசையவில்லை. பிள்ளைகளின் வளர்ச்சியில் தண்ணீரும் கழிப்பறையும் இரண்டு நாட்டிலுமே மாற்றம் தரவில்லை. அது போக, பேதி ஆச்சா என்று அம்மாவிடம் வாய்மொழியாகக் கேட்டு எழுதிய கணக்கு இது. இலவசமாகக் குளோரின் கொடுத்தவர் எதிரில் நின்று கேட்டால் எந்த அம்மாவும் கொஞ்சம் நல்லதாகத்தான் சொல்வார்.

துவாஸ் மெம்பிரேன்
வாத்தியாரே, கென்யாவுல ஏன் அசையலன்னும் சொல்லுங்க. அவங்கவங்களே ஊத்திக்கணும்னு விட்டாங்க, நாளாக ஆக ஊத்துறதை விட்டுட்டாங்க. பங்களாதேஷ்ல ஆள் போய் நின்னுகிட்டே இருந்தாங்க. மருந்து தோத்துப் போகல, மனுஷங்க ஞாபகம் தோத்துப் போச்சு. இதுக்குத்தான் எங்க தொழில்ல விடை இருக்கு: மனுஷன் கையில விடாதே, குழாயிலயே வை. டாக்காவுல பொதுக் குழாய்கள்ல தானா குளோரின் கலக்குற கருவியை மாட்டினாங்க, கரண்ட்கூட வேணாம். பிள்ளைங்களுக்குப் பேதி 23 சதவீதம் குறைஞ்சது, 2019ல வந்த முடிவு. உங்க வாய்மொழிச் சந்தேகத்துக்கும் அதுல பதில் இருக்கு. ஒப்பிடுற வீடுகளுக்கு அதே மாதிரி கருவியில வைட்டமின் சி போட்டு விட்டாங்க. எந்தக் குழாயில எதுன்னு குடிக்கிறவங்களுக்குச் சொல்லல.

கோப்பிக் கடை குமார்
எல்லாரும் படிச்சவங்க, பேசுங்க பேசுங்க. ஆனா குளோரின் வாடை அடிச்சா எங்க அம்மா அந்தத் தண்ணியில பாத்திரம்தான் கழுவுவாங்க, குடிக்கக் கேன்தான் வாங்குவாங்க. கேன் காசு மிச்சமாகலையே! அதுவும் தண்ணி உப்பா இருந்தா? தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி ஃபுளோரைடு இருந்தா? பல்லு கறை, எலும்பு வளையுது. குளோரின் அதை என்ன பண்ணும்?

துவாஸ் மெம்பிரேன்
ஃபுளோரைடை குளோரின் ஒண்ணும் பண்ணாது, உண்மை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினா உங்க பக்கம் நியாயம். அங்கேகூட ஒகேனக்கல்லேருந்து காவிரியைக் குழாய்ல கொண்டு வந்தாங்க. ஆலங்குடிப் பக்கத் தண்ணியில என்ன இருக்குன்னு முத்து அண்ணன் இன்னும் சொல்லவே இல்லையே.

தேக்கா தாத்தா
நடுவில் ஒன்று. சொந்தபந்தத்துக்குள் சேர்த்த பணம் சரி. இங்கே பொதுமக்களிடம் உண்டியல் குலுக்கி வெளிநாட்டு அறப்பணிக்கு அனுப்புவதாக இருந்தால் அறநிறுவன ஆணையரிடம் அனுமதி வாங்க வேண்டும் தம்பி. சும்மா வாட்ஸ்அப்பில் பணம் போடும் பேநவ் எண்ணைச் சுற்றில் விட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உட்லண்ட்ஸ் முத்து
தாத்தா, வெளியே யார்கிட்டயும் கேட்கல, ஊர்க்காரங்களுக்குள்ளதான். நன்றி.

மெம்பிரேன் தம்பி, தண்ணியை டெஸ்ட் பண்ணலாம். புதுக்கோட்டையில குடிநீர் வாரிய ஆய்வகத்துல கொடுத்தா உப்பு, ஃபுளோரைடு, கிருமி மூணும் பார்த்துச் சொல்வாங்க. அதோட ஐம்பது அறுபது பேருக்கு மலப் பரிசோதனையும் எடுத்துருவோம். வாத்தியார் கேட்ட சதவீதம் கிடைச்சிரும். 20க்கு மேல வந்தா பெரியவங்களுக்கு மாத்திரை, அதுல நான் மாற மாட்டேன்.

வேலூர் வசந்தி
நல்லது. ஆனால் எப்படி எடுப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். மலத்தைச் சல்லடையில் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கிளிசரினில் ஊறிய மெல்லிய தாளால் மூடிப் பார்க்கும் முறைதான் வழக்கம். கொக்கிப்புழு முட்டைக்கு ஓடு மெல்லியது. அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் கிளிசரினில் கரைந்தது போலக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். காலையில் தகடு போட்டுவிட்டு டீ குடித்துச் சாயங்காலம் பார்க்கிற இடத்தில் கொடுத்தால் உங்கள் ஊரில் புழுவே இல்லை என்று ரிப்போர்ட் வரும். தண்ணீரும் அப்படித்தான். கிருமிச் சோதனைக்குக் கொதிக்க வைத்த புட்டி, ஐஸ் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம். கோலா பாட்டிலில் பிடித்து பஸ்ஸில் அனுப்பக் கூடாது.

கணக்கு வாத்தியார்
யாரை எடுக்கிறீர்கள் என்பதும் இருக்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுப் பக்கமே ஐம்பது பேர் என்றால் அது ஊர் இல்லை. வாக்காளர் பட்டியலில் குலுக்கி எடுங்கள். இந்த முறையாவது அகரவரிசை வேண்டாம்.

கோப்பிக் கடை குமார்
குலுக்கல்ல வந்துச்சுன்னு தெரியாத வீட்டுக்குப் போய், ஐயா டப்பாவுல கொஞ்சம் கொடுங்கன்னு யார் கேட்கப் போறது? முத்து அண்ணே, நீங்களா போறீங்க?

உட்லண்ட்ஸ் முத்து
எங்க சித்தி அங்கன்வாடி டீச்சர். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கிறேன். திட்டுவாங்க, ஆனா செய்வாங்க.

கணக்கு வாத்தியார்
சித்திக்குக் குலுக்கல் என்றால் என்ன என்று நீங்கள் விளக்குங்கள். அதுவரை 13 சதவீதம் என்று இங்கே யாரும் எழுத வேண்டாம்.

உட்லண்ட்ஸ் முத்து
எழுதுவேன் சார். கென்யாவுல வந்தது வந்ததுதான்.