கோழி முளையத்தில் கலங்கள் நடக்கின்றனவா, தளமே நகர்கிறதா?

உப்புவெளி ரீச்சர்:

வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். போன சனிக்கிழமை வகுப்பில் வந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் இங்கே எழுதுகிறேன்.

முளைய விருத்தியைக் கரும்பலகையில் கீறிக் காட்டினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே தவிர, நம்புவதில்லை. அதனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சேவலோடு திரியும் ஊர்க்கோழியின் முட்டை ஆறு வாங்கினேன். றெஜிபோம் பெட்டிக்குள் ஒரு பல்ப் கொளுவி, வெப்பமானி வைத்து, 38 பாகையில் 36 மணித்தியாலம் விட்டேன். பிறகு முட்டையைப் படுக்க வைத்து, ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்துவிட்டு, மேல் ஓட்டில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டினேன். மஞ்சட்கருவின் மேல் பாலாடை போல ஒரு வட்டம். அதன் அடியில் கறுப்பு மை துளி செலுத்தியதும் முளையம் வெள்ளையாகத் தெளிந்து வந்தது. நடுவில் நரம்புக் குழாய், இரண்டு பக்கமும் உடற்றுண்டங்கள், அதாவது பிறகு முள்ளெலும்பும் தசையும் ஆகும் சின்னக் கட்டிகள். எண்ணினோம், பத்துச் சோடி. இதயம் வரவேண்டிய இடத்தில் ஒரு துடிப்பு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வகுப்பில் ஒரு சத்தமில்லை.

அப்போதுதான் ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், கலங்கள் போய் இடம் பிடிக்கின்றன என்றீங்கள். எதில் கால் ஊன்றிப் போகின்றன?" கலங்களுக்கு வெளியே பைப்ரோனெக்டின், லமினின், கொலாஜன் என்று புரத நார்கள் இருக்கின்றன, அதுதான் பாதை என்றேன். "முளையமே நீண்டு வளருதே, அந்தப் பாதை மட்டும் அசையாமல் கிடக்குமா?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஒரே பெட்டி, ஒரே நேரம், ஆனால் ஒரு முட்டையில் பத்துச் சோடி, இன்னொன்றில் ஆறுதான். அது ஏன்?

கரைவலை:

ரீச்சர், அந்தப் பிள்ளை சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். பாதை அசைகிறது.

நானும் திருமலைதான், இப்போது முளையவியல் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. என் அப்பா கரைவலை இழுத்தவர், எனக்கு இது அந்த வலையாகத்தான் விளங்கியது. கரையிலிருந்து இரண்டு பக்கமும் கயிற்றை இழுக்கும்போது வலையில் ஒரு நண்டு ஊர்ந்துகொண்டிருக்கும். கரையில் நிற்கிறவருக்கு நண்டு வேகமாக வருவது போல இருக்கும். உண்மையில் வருவது வலை. நண்டு எவ்வளவு ஊர்ந்தது என்று அறிய வேண்டுமென்றால் வலைக்கண்ணை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இதைத்தான் ஸமீர், ரோங்கிஷ், லிட்டில் என்ற மூவரும் 2008இல் செய்தார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய பிறபொருளெதிரியைப் பைப்ரோனெக்டின் நார்களில் ஒட்டவைத்து, நார்களையும் கலங்களையும் ஒரே நேரத்தில் படம் பிடித்தார்கள். ஆதிக்கோடு, அதாவது கலங்கள் உள்ளே இறங்கும் கோடு, உருவாகும் நேரத்தில் முளையத் தட்டின் மேல் அடுக்கான மேற்படையின் கலங்கள் இடமும் வலமுமாக இரண்டு சுழிகளாகச் சுற்றும் என்பது பழைய செய்தி. பொலனேஸ் என்ற போலந்து நடனத்தின் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள். இவர்கள் கண்டது, அடியில் உள்ள நார்களும் அதே சுழியில் சேர்ந்து சுற்றுகின்றன என்பது. அதாவது மேற்படைக் கலம் போகும் தூரத்தில் பெரும்பங்கு, அது சொந்தக் காலில் நடந்தது இல்லை.

ஆனால் இதை எல்லாக் கலத்துக்கும் சொல்லிவிடாதீர்கள். ஆதிக்கோட்டில், மேற்படையின் அடியில் விரித்த நார்ப் பாயான அடித்தள மென்சவ்வு உடைகிறது. லமினின் விரிப்பு அங்கே கிழிந்துபோகும். அந்த வழியாக உள்ளே இறங்கி இடைத்தோற்படை என்ற நடு அடுக்காகும் கலங்கள் உண்மையாகவே ஊர்கின்றன. எந்தப் பக்கம் போவது என்பதை நார் மட்டும் தீர்மானிப்பதில்லை, கரைந்து வரும் வளர்ச்சிக் காரணிகளும் சேர்ந்துதான்: எஃப்ஜிஎஃப்8 தள்ளிவிடும், எஃப்ஜிஎஃப்4 இழுக்கும்.

கால் எது என்று கேட்டால் இன்டெகிரின் என்று சொல்லுங்கள். கலத்தின் சொந்த மென்சவ்வைத் துளைத்து நிற்கும் புரதம் அது. வெளியே பைப்ரோனெக்டினைப் பிடிக்கும், உள்ளே கலத்தின் சட்டகமான அக்டின் இழைகளோடு இணையும். அந்தப் பெயரே 1986இல் கோழி முளையக் கலங்களில் செய்த வேலையில் வந்ததுதான். அந்தக் காலிலேயே கை வைத்துப் பார்த்தவர் மரியான் புரோனர் என்ற முளையவியலாளர். இன்டெகிரினை மறிக்கும் பிறபொருளெதிரியைக் கோழி முளையத்தின் தலைப் பகுதியில் செலுத்தியபோது நரம்பு முகட்டுக் கலங்களின், அதாவது நரம்புக் குழாயின் மேல் விளிம்பிலிருந்து புறப்பட்டுப் போகும் கலங்களின், பயணம் குழம்பியது. உடற்பகுதியில் அந்தக் கலங்கள் ஒவ்வொரு உடற்றுண்டத்திலும் முன்பாதிக்குள்ளால் மட்டும் போகும். பின்பாதியில் எஃப்ரின் போன்ற தடைப் புரதங்கள் இருக்கின்றன. நீங்கள் எண்ணிய பத்துச் சோடியிலும் அந்த முன்பாதி, பின்பாதி வித்தியாசம் ஏற்கனவே உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நிலாவெளிப் பண்ணைக்காரன்:

ரீச்சர், உங்கட இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். 36 மணித்தியாலம் என்பது பெட்டிக்குள் வைத்த பிறகு எண்ணியது. முட்டை அதற்கு முன்னமே ஓடத் தொடங்கியிருக்கும். கோழியின் வயிற்றுக்குள் ஏறக்குறைய ஒரு நாள் இருந்துதான் இடப்படுகிறது. வெளியே வந்த பிறகும் 20, 21 பாகைக்குக் கீழே போனால்தான் வளர்ச்சி முழுதாக நிற்கும். எங்கட ஊரில் வீட்டுக்குள்ளேயே 30க்கு மேல். அக்கா நாலைந்து நாள் சேர்த்த முட்டையைத் தந்திருந்தால் முதல் நாள் முட்டை முந்தியிருக்கும். அடைக்கோழி இடைக்கிடை மேலே ஏறியிருந்தால் இன்னும் மோசம்.

கச்சான் காற்று அடித்த ஒரு ஆனி மாதம் ஒரு தட்டு முட்டையை மண்டபத்தில் வைத்துவிட்டு மறந்தேன். அரைகுறையாக வளர்ந்து பாதிக்கு மேல் செத்துப்போயின. உடைத்துப் பார்த்தபோது மனம் பொறுக்கவில்லை. அன்றன்றைக்கு இட்ட முட்டையாக வாங்குங்கள். 15 முதல் 18 பாகையில், கூரான பக்கம் கீழே இருக்க வையுங்கள். எல்லாம் சேர்ந்ததும் அறைச் சூட்டுக்கு வரவிட்டு ஒரே நேரத்தில் பெட்டிக்குள் வையுங்கள்.

உப்புவெளி ரீச்சர்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அண்ணை சொன்னது சரி, அக்காவிடம் கேட்டேன், ஐந்து நாள் முட்டையாம்.

கரைவலைக் கதையை இன்று வகுப்பில் சொன்னேன். பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள், உடனே பிடித்துக்கொண்டார்கள். அதே பிள்ளை எழும்பி, "அப்ப வலையை இழுக்கிறது யார்?" என்றாள். தம்பி, இதற்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கரைவலை:

முளையத் தட்டின் விளிம்பைச் சுற்றி, முளையமாகும் பகுதியும் வெளிப்பகுதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு வளையம் இருக்கிறது. அங்குள்ள கலங்களில் அக்டினும் மயோசினும் சேர்ந்து, சுருக்குக் கயிறு போல இறுகுகின்றன. பின்பக்கத்தில் இறுக்கம் கூட. அந்த இறுக்கத்தில்தான் முழுத் தளமும் சுழன்று ஆதிக்கோட்டுப் பக்கம் ஓடுகிறது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் காடை முளையத்தை வைத்து 2020இல் காட்டினார்கள்.

அடுத்த முறை ஒரு முட்டையை 12 மணித்தியாலத்திலேயே திறந்து பாருங்கள் ரீச்சர். அந்த நேரத்தில் உடற்றுண்டமும் இல்லை, இதயமும் இல்லை. மையை விட்டால் தட்டின் பின்பக்கத்திலிருந்து நடுவை நோக்கி ஒரு சின்னக் கோடு மட்டும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அதைக் காட்டுங்கள்.