பிழை வந்தால் பக்கத்தையே கிழிக்கும் மகள்: எப்படிப் புரிய வைப்பது?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பாடம் தெரியாமல் மதிப்பெண் இழப்பவள் அல்லள். எழுதியது மனத்துக்கு நிறைவாக இல்லையென்றால் அடுத்த வரிக்குப் போக அவளால் முடிவதில்லை. நோட்டில் ஒரு சொல் பிழையானாலும் அந்தத் தாளைத் தையலோரமாகச் சீராகக் கிழித்து, அதனுடன் இணைந்த மறுதாளையும் உருவிவிட்டு, முதலிலிருந்து எழுதத் தொடங்குகிறாள். காலாண்டுத் தேர்வில் வடிவொத்த முக்கோணம் வரையும் 8 மதிப்பெண் கணக்கை, கோடு தடித்துவிட்டதென்று அழித்து அழித்து வரைந்ததில், விடை தெரிந்த 5 மதிப்பெண் வினாக்களுக்கு நேரமில்லாமல் போயிற்று. உறவினர்கள் பொறுப்பான பிள்ளை என்று மெச்சுகிறார்கள். நள்ளிரவில் அழுதுகொண்டே அவள் எழுதுவதைப் பார்ப்பவள் நான். "போதும், படு" என்றால் எனக்கு அக்கறை இல்லை என்கிறாள். அவளுடைய ஆர்வம் குன்றாமல் இதை மாற்ற வழி உண்டா?

பதில் 1 (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்):
அம்மா, பொதுத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். வடிவியல் வினாவுக்கு மதிப்பெண்ணைப் பிரித்தே வழங்குகிறோம். உதவிப்படம் சரியாக இருந்து, அளவுகளும் வரைமுறையும் பொருந்தியிருந்தால், கோடு சற்றுத் தடித்ததற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. ஒரே கோட்டால் அடித்துவிட்டு அருகில் எழுதிய விடையும் முழு விடைதான். இதை நீங்கள் சொல்வதைவிட அவளுடைய கணித ஆசிரியர் சொன்னால் ஏற்பாள்.

தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் என்பதால், 8 மதிப்பெண் வினாவுக்கு ஏறத்தாழ 14 நிமிடம்தான் கிடைக்கும். வீட்டில் கடிகாரத்தை எதிரில் வைத்து, நேரம் முடிந்ததும் படம் எந்த நிலையில் இருந்தாலும் அடுத்த வினாவுக்குப் போகப் பழக்குங்கள். மீதி நேரத்தில் திரும்பி வந்து திருத்தலாம் என்ற உறுதியையும் கொடுங்கள். அந்த உறுதி இல்லாவிட்டால் கையை எடுக்க மாட்டாள்.

பதில் 2 (மனநல ஆலோசகர், புதுச்சேரி):
ஐயா சொன்ன பயிற்சி நல்லது. ஆனால் இந்தப் பிள்ளை அஞ்சுவது மதிப்பெண்ணுக்கு மட்டும்தானா என்பதையும் பார்க்க வேண்டும். பால் ஹூயிட், கோர்டன் ஃபிளெட் என்ற உளவியலாளர்கள் 1991-இல் இந்த மனப்போக்கை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. மூன்றாவது வகைதான் பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் நெருங்கிய தொடர்புடையது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மாணவர்களிடம் 1989 முதல் 2016 வரை திரட்டிய தரவுகளை ஆராய்ந்தபோது மிகுதியாக வளர்ந்திருந்ததும் அதுவே.

ஆகவே தரத்தைக் குறைத்துக்கொள் என்று அவளிடம் சொல்லாதீர்கள். அது தோல்வியை ஒப்புக்கொள்ளச் சொல்வதுபோல் அவள் காதில் விழும். மாறாக, முக்கியமில்லாத ஒரு நோட்டில் ஒரு பிழையை அடித்துவிட்டு அப்படியே கொடுக்கச் சொல்லுங்கள். என்ன நடக்கும் என்று அஞ்சுகிறாளோ அதை முன்கூட்டியே எழுதிவைக்கட்டும். உண்மையில் நடந்ததை மறுநாள் அதனருகே எழுதட்டும். அச்சம் தானே நிரூபணமின்றி நிற்பதை அவள் பார்க்க வேண்டும். தூக்கமும் சாப்பாடும் குறைந்துகொண்டே போனால் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

பதில் 3 (செவிலியர், லாஸ்பேட்டை):
சகோதரி, என் பணியில் ஊசி மருந்தின் அளவில் ஒரு புள்ளிகூடப் பிசகக் கூடாது. இருவர் சரிபார்த்த பிறகே செலுத்துகிறோம். அதே வார்டில் பதிவேட்டின் கையெழுத்து படிக்கும்படி இருந்தால் போதும். அதை அழகுபடுத்த நின்றால் நோயாளி காத்திருப்பார். எங்கே துல்லியம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று அவளையே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கோணத்தின் அளவு முதல் வகை, கோட்டின் அழகு இரண்டாம் வகை என்று அவளே சொல்லிவிடுவாள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. வகுப்பில் இவளுடைய நோட்டைத்தான் மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுகிறார்கள். அதை நிறுத்தும்படி ஆசிரியரிடம் கேட்கலாமா?

பதில் 2 எழுதியவர்:
கட்டாயம் கேளுங்கள். பாராட்டை நிறுத்த வேண்டியதில்லை. நோட்டின் தூய்மைக்குப் பதிலாக, வகுப்பில் அவள் எழுப்பும் நல்ல சந்தேகத்துக்கும், கணக்கை வேறு வழியில் போட்டுப் பார்க்கும் துணிவுக்கும் அந்தப் பாராட்டு போகட்டும்.