எம்35ஏ2 லாரி: நெடுஞ்சாலையில் 75-க்கு மேல் ஏறவில்லை, மைலேஜும் லிட்டருக்கு 3-ஐத் தொடவில்லை

காக்கிலாரி:

வணக்கம் நண்பர்களே. வண்டி எம்35ஏ2, அமெரிக்க ராணுவத்தின் பழைய இரண்டரை டன். எஞ்சின் எல்டிடி-465 மல்டிஃப்யூயல் (பலவகை எரிபொருளில் ஓடும்), டர்போ வைத்தது. ஐந்து கியர் ஸ்பைசர் பெட்டி. பத்துச் சக்கரத்திலும் 9.00-20 நைலான் டயர். பாரம் எதுவும் இல்லை. கம்பி வளைவும் தார்ப்பாயும் மட்டும் பின்னால் நிற்கின்றன.

சமதரையில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் 75 கி.மீ. தாண்டுவதில்லை. ஒரு மேம்பாலம் வந்தாலே நாலாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. மைலேஜ் லிட்டருக்கு 2.8. கறும்புகை கிடையாது, சூடும் ஏறுவதில்லை.

இந்த வண்டிக்கு இது இயல்புதானா? கவர்னரை (எஞ்சின் சுழற்சிக்கு உச்ச எல்லை போடும் கருவி) 2900 ஆர்பிஎம் வரை ஏற்றிவிட்டால் வேகம் கிடைக்கும் என்கிறார்கள், செய்யலாமா? 11.00-20 டயர் போடுவது, இன்ஜெக்‌ஷன் பம்பில் (எஞ்சினுக்கு டீசலை அளந்து தருவது) டீசலைக் கூட்டுவது, இவற்றில் எது உதவும்?

சக்கரக்கணக்கு:

இயல்பு இல்லை சார். 90-ஐத் தொட வேண்டிய வண்டி இது.

ஆக்சில் விகிதம் 6.72. ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ் (பெட்டியின் வெளித்தண்டு எஞ்சினைவிட வேகமாகச் சுழலும்), 0.79. டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு வலுவைப் பிரிக்கும் பெட்டி) ஹையில் ஒன்றுக்கு ஒன்று. 9.00-20 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர் உருளும். எஞ்சினின் கவர்னர் எல்லை 2600 ஆர்பிஎம். இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் 2600-ல் மணிக்கு 91 கி.மீ. வருகிறது. ராணுவக் கையேட்டில் உள்ள 56 மைலும் இதேதான். 80-ல் 2290, 70-ல் 2000 ஆர்பிஎம் காட்ட வேண்டும்.

நாலாவது கியர் நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. அதில் 2600-க்கு 72 கி.மீ. மட்டுமே. உங்கள் வண்டி 75-ல் நிற்பதால் முதலில் ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டரைப் பாருங்கள். முள் 2600-ஐ ஒட்டி நின்றால் ஐந்தாவது விழவே இல்லை, நாலில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பெட்டியின் கியர் வரிசை வழக்கமான லாரி மாதிரி இருக்காது, டேஷ்போர்டில் உள்ள தகட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். முள் 2150 பக்கம் இருந்தால் எஞ்சினுக்கு வலு போதவில்லை, இல்லை எங்கேயோ பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மைலேஜுக்கு வருவோம். காலி வண்டியே கிட்டத்தட்ட 6 டன். முகம் சுவர் போல நிற்கும், தார்ப்பாயோடு சேர்த்தால் காற்றுக்குக் காட்டும் பரப்பு 6 சதுர மீட்டர் பக்கம். காற்றுத்தடைக் குணகம் 0.9, உருளல் தடைக்கு 800 நியூட்டன், டிரைவ்லைனில் போகிற இழப்பு 18 சதவீதம் என்று வைத்து உத்தேசமாகப் போட்டால், 70-ல் எஞ்சின் 48 கிலோவாட் தர வேண்டும், 80-ல் 65, 90-ல் 86. இந்த எஞ்சினிடம் மொத்தமே 97 கிலோவாட் சுமார் (130 குதிரைத்திறன்) தான். அதாவது 90-ல் கையிருப்பு பெரிதாக மிஞ்சாது. டீசலாக மாற்றினால் 70-ல் லிட்டருக்கு 4.9, 80-ல் 4.1, 90-ல் 3.5. நிஜத்தில் ஏற்ற இறக்கம், நின்று கிளம்புவது எல்லாம் சேர்ந்து இதில் கொஞ்சம் குறையும். நல்ல நிலையில் இருக்கிற எம்35ஏ2 லிட்டருக்கு 3.4 முதல் 4.2 வரை கொடுக்கும். 75-ல் ஓட்டி 2.8 என்றால் கோளாறு இருக்கிறது.

ஆனால் அந்த 2.8-ஐ எப்படி எடுத்தீர்கள்? ஓடோமீட்டரை நம்பாதீர்கள். ஜிபிஎஸ் தூரத்தோடு ஒத்துப்பார்த்து ஒரு திருத்த எண் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க் 189 லிட்டர் என்பதால் ஒரே சமதளத்தில் நிறுத்தி, கழுத்தில் ஒரே குறி வரை நிரப்பி, குறைந்தது 200 கி.மீ. ஓட்டி, அதே இடத்தில் திரும்ப நிரப்பினால்தான் கணக்கு சரியாக வரும். நுரை அடங்கும் வரை காத்திருந்து நிரப்புங்கள். நுரையிலேயே ஓரிரு லிட்டர் ஏமாந்துவிடும்.

பம்பும்நாசிலும்:

வலுக்குறைவோடு கறும்புகையும் இருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்: ஏர் ஃபில்டர், டர்போ குழாய்க் கசிவு. புகையே இல்லாமல் வலு குறைந்தால் டீசல் போதவில்லை. உங்களுடையது இரண்டாவது வகை. வரிசையாகப் பாருங்கள்.

ஒருவரை ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு, எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது, இன்ஜெக்‌ஷன் பம்பின் லிவர் கடைசித் தடுப்பு போல்ட்டைத் தொடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். லிங்கேஜ் (பெடலையும் பம்பையும் இணைக்கும் கம்பிகள்) தேய்ந்து முக்கால்வாசியில் நிற்கிற வண்டிகள் ஏராளம். செலவில்லாத வேலை, அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தது டேங்குக்குள் இருக்கிற மின்சார பம்ப். சுவிட்ச் போட்டதும் மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும். பிரைமரி ஃபில்டர் மேலே உள்ள காற்றெடுக்கும் திருகைத் திறந்தால் டீசல் குமிழி இல்லாமல் தாராளமாக வர வேண்டும். இந்த பம்ப் செத்தாலும் வண்டி ஓடும், இன்ஜெக்‌ஷன் பம்போடு இருக்கிற டிரான்ஸ்ஃபர் பம்ப் அதன் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும். ஊருக்குள் வித்தியாசம் தெரியாது, நெடுஞ்சாலையில்தான் மூச்சுத் திணறும்.

பிறகு ஃபில்டர்கள்: ஒரு பிரைமரி, இரண்டு ஃபைனல். மூன்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து ஓட்டின வண்டி என்றால் ஃபைனல் இரண்டும் பிசின் பிடித்துக் கிடக்கும்.

இவ்வளவும் சரி என்றால் பம்பின் பக்கவாட்டில் இருக்கிற ஃப்யூயல் டென்சிட்டி காம்பன்சேட்டர். எரிபொருளின் அடர்த்திக்கு ஏற்ப முழுச்சுமை அளவைக் கூட்டிக் குறைப்பதுதான் அதன் வேலை. மெலிதான எரிபொருள் போட்டாலும் அதே வலு வரட்டும் என்பதற்காக வைத்தது. உள்ளே அழுக்கு சேர்ந்து சிக்கிக்கொண்டால் அளவு குறைந்த இடத்திலேயே நின்றுவிடும். டீசல் மட்டுமே போடுகிறவர்கள் இதைக் கழற்றிச் சுற்றுவழி விடுவது வழக்கம். அதைச் செய்தால் முழுச்சுமை அளவைத் திரும்பச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கவர்னரைத் தொடவே தொடாதீர்கள். இந்த எஞ்சினில் 2600-க்கு மேல் விடாமல் ஓட்டினால் கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பிஸ்டனும் ராடும் கனம். சுழற்சி 2600-லிருந்து 2900 ஆனால் ராடு போல்ட்டில் விழும் இழுவிசை 24 சதவீதம் கூடுகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. நீங்கள் பெறுவதோ 10 கி.மீ. அதுவும் கிடைக்காது, மேலே சார் சொன்ன மாதிரி 90-க்கு மேல் தள்ள எஞ்சினிடம் வலு இல்லை.

இறக்கத்தில் கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும், சக்கரம் எஞ்சினைச் சுழற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. 85-ல் போகும்போது நாலுக்கு இறக்கினால் 3070 ஆர்பிஎம். இறக்கம் தொடங்கும் முன்பே 65-க்கு வந்து நாலைப் போட்டுவிடுங்கள்.

ஏற்றம்இறக்கம்:

டீசலைக் கூட்டக்கூடாது என்பது மாதிரி யாரும் பயப்பட வேண்டாம். அளவோடு கூட்டினால் ஏற்றத்தில் ஐந்தாவதிலேயே தாக்குப்பிடிக்கும், மேம்பாலத்துக்கெல்லாம் கியர் மாற்ற வேண்டியிருக்காது. டாப் ஸ்பீடு அதனால் கூடாது, அதைக் கவர்னரும் கியரும் முடிவு செய்கின்றன.

பம்பும்நாசிலும்:

கூட்டலாம் ப்ரோ, பைரோமீட்டர் (எக்ஸாஸ்ட் சூட்டை அளப்பது) மாட்டிய பிறகு. உணர்முனையை டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளைத்து வைக்க வேண்டும். நீண்ட ஏற்றத்தில் முழு மிதியில் 650 டிகிரி செல்சியஸ் தாண்டினால் குறைத்துவிடுங்கள். ஒரு திருகில் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். ஆனால் இவருடைய வண்டியில் பட்டினி எங்கே என்று கண்டுபிடிக்காமல் திருகைத் திருப்பினால், அடுத்த மாதம் ஃபில்டர் மாற்றியதும் திடீரென்று டீசல் கொட்டும், பிஸ்டன் உருகும்.

காக்கிலாரி:

பார்த்துவிட்டேன். ஐந்தில் 75-க்கு 2150 காட்டுகிறது. பிரைமரி ஃபில்டர் திருகில் டீசல் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, டேங்க் பம்பில் சத்தமே இல்லை. லிங்கேஜ் சரி. ஒன்று மட்டும் புதிராக இருக்கிறது: 30 கி.மீ. ஓட்டி நிறுத்தினால் நடு ஆக்சிலில் இடது ஹப் கை வைக்க முடியாத சூடு, மற்றவை வெதுவெதுப்பு.

ஏர்பேக்:

அது பிரேக் பிடித்தபடி ஓடுகிறது. உங்கள் மைலேஜில் ஒரு பங்கு அந்த டிரம்முக்குள் வெந்துகொண்டிருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் வீல் சிலிண்டரின் காற்றெடுக்கும் திருகைத் திறந்து பாருங்கள். திறந்ததும் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் திரும்பிப் போகவில்லை. அந்தச் சக்கரத்துக்குப் போகிற லைன் எங்கேயோ அடைத்திருக்கும். திறந்தும் விடுபடவில்லை என்றால் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கிறது, அல்லது ஷூ அட்ஜஸ்ட்மென்ட் இறுக்கம். பிரேக் சரியாகி ஹப் இன்னும் சுட்டால் பேரிங்கைப் பாருங்கள்.

இதைத் தள்ளிப்போட வேண்டாம். எம்35ஏ2-வில் காற்று உதவியோடு இயங்கும் ஹைட்ராலிக் பிரேக், ஒரே சர்க்யூட். ஆறு சக்கரமுனைகளில் எந்த ஒரு சிலிண்டர் ஒழுகினாலும் பெடல் தரைக்குப் போய்விடும், மிச்ச ஐந்தும் உதவாது. ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில் இருக்கிறது. நிறுத்தி வைக்க மட்டும்தான் அதை நம்பலாம். ராணுவத்தில் சிலிக்கான் பிரேக் ஆயில் ஊற்றியிருப்பார்கள், டாட் 5. அதில் டாட் 3, டாட் 4 எதையும் கலக்கக்கூடாது. எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுக்க வடித்து, சிலிண்டர் கிட் மாற்றி, ஒரே வகையை ஊற்றுங்கள்.

சக்கரக்கணக்கு:

டயர் கேள்வி பாக்கி. 9.00-20 விட்டம் 40 அங்குலம், 11.00-20 சுமார் 43. வித்தியாசம் ஏழரை சதவீதம். 80-ல் 2290 இருந்தது 2130 ஆகும். எஞ்சின் இரைச்சலும் தேய்மானமும் குறையும், மைலேஜ் கொஞ்சம்தான் நகரும். காற்றைக் கிழிக்கத் தேவையான வலு அப்படியேதானே இருக்கிறது. ஏற்றத்தில் அதே ஏழு சதவீதம் இழுவை போய்விடும். டீசல் பட்டினியை முதலில் தீர்க்காமல் இந்த டயரைப் போட்டால் இப்போதைவிட மெதுவாகப் போவீர்கள்.

இன்னொரு சிக்கல், அசல் ரிம்மில் 11.00-ஐ ஜோடியாகப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று உரசும். பின்னால் ஒற்றை டயர்தான் வழி. அப்படியானால் ஹப்பைத் திருப்பி மாட்டி முன்சக்கரத் தடத்தோடு பொருத்துவார்கள். சுமை தாங்கும் அளவை டயர் பக்கச்சுவரில் பார்த்துக் கணக்கிடுங்கள், பத்து டயர் தாங்கியதை ஆறு தாங்க வேண்டும். ஆக்சில் விகிதத்தை மாற்றலாம் என்று யாராவது சொன்னால் 6.72-க்கு எளிதில் கிடைக்கிற மாற்று கிரவுன்-பினியன் எது என்று கேளுங்கள்.

மைலேஜுக்கு அதிகம் உதவுவது ரேடியல் டயரும் தார்ப்பாயைக் கழற்றுவதும்தான். கம்பி வளைவையும் சேர்த்து இறக்கிவைத்துவிட்டு அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். நைலானையும் ரேடியலையும் ஒரே ஆக்சிலில் கலக்காதீர்கள்.

இப்போதைய டயரில் 80-ல் ஓட்டுவதற்கு முன் தேதிக் குறியீட்டைத் தேடுங்கள். 2000-க்குப் பிறகு செய்ததில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்தது ஆண்டு. மூன்றே இலக்கம் என்றால் அது போன நூற்றாண்டு டயர், பட்டன் (டயரின் மேல்புறப் பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். ரிம் பூட்டு வளையம் வைத்தது, எனவே காற்றடிக்கும்போது சக்கரம் இரும்புக் கூண்டுக்குள் இருக்க வேண்டும், நீளமான ஹோஸோடு நீங்கள் தள்ளி நிற்க வேண்டும்.